வீடு மாறிய பவளத் தொட்டி: கலைக்க வேண்டாம், முதலில் இறால் ஏன் செத்தது என்று பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. பாறைகளை எல்லாம் வெளியே எடுத்துக் கொதிக்கவைத்து, மீனும் பவளமும் வளரும் உங்கள் கடல்நீர்த் தொட்டியை முதலிலிருந்து தொடங்கலாமா? இல்லை, ராமேஸ்வரத்திலிருந்து கடல் தண்ணீர் கொண்டுவந்து மொத்தமாக மாற்றிவிட்டால் போதுமா? இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்தத் தொட்டி செத்துவிட்டதா, தேறுமா? தேறும் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் எழுதிய விவரங்களே அதைச் சொல்கின்றன. எல்லிஸ் நகரிலிருந்து நாகமலைப் புதுக்கோட்டைக்குக் குடிவந்து மூன்று வாரம். நான்கடித் தொட்டி, சம்ப்பையும் (கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) சேர்த்து 350 லிட்டர். பழைய மணலைக் கழுவாமல் அப்படியே அள்ளிப் போட்டிருக்கிறீர்கள். இரண்டாம் நாள் டேங் மீன் செத்தது. பன்னிரண்டு நாள் கழித்து க்ளீனர் இறால் இரண்டும் அடுத்தடுத்துச் செத்தன, நத்தைகளும் மணலில் கவிழ்ந்து கிடந்தன. க்ளவுன் மீன் ஜோடி மட்டும் நன்றாகச் சாப்பிடுகிறது. பவளங்களில் லெதர் சுருங்கிவிட்டது, பாறையில் ஒட்டி வளரும் சோவா பாதி மூடிக் கிடக்கிறது, மணல்மேல் பழுப்புப் படலம், அமோனியா லிட்டருக்கு 0.25 மில்லிகிராம். கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: புது வீட்டுக்கு வாங்கிய காப்பர் வைத்த ஆர்.ஓ. மெஷின் தண்ணீரைத்தான் தினமும் தொட்டியில் ஊற்றுகிறீர்கள் என்று. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது அந்த வரிதான்.

நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவன். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பதே பல வருடங்களாகத் தொழில். வீடு மாறுபவர்களின் தொட்டியைப் பிரித்துக் கட்டித் தருவதும் அதில் சேரும். அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன். எது உறுதி, எது என் ஊகம் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

பாறையைக் கொதிக்கவைக்கும் யோசனையை இந்த நிமிடமே விட்டுவிடுங்கள். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. உங்கள் பாறைகளில் சோவா ஒட்டியிருக்கிறது. அந்தக் குடும்பத்தில் சில வகைகளில், குறிப்பாகப் பாலித்தோவாவில், பாலிடாக்ஸின் என்ற நஞ்சு உண்டு. உயிரினங்கள் உண்டாக்கும் நஞ்சுகளில் மிகக் கொடியவற்றுள் அதுவும் ஒன்று. சூடுபடுத்தினால் அது அழியாது. ஆவியோடு கிளம்பி மூச்சுக்குள் போகும். இப்படிப் பாறையைக் கொதிக்கவைத்து வீட்டிலிருந்த எல்லோரும் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எந்தச் சோவாவில் நஞ்சு இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அடுப்பு வேண்டாம், வெந்நீர் வேண்டாம், பாறையை வெளியே வைத்து பிரஷ்ஷால் தேய்ப்பதும் வேண்டாம். தொட்டிக்குள் கை விடும்போதும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

அந்த ஆபத்து இல்லையென்றாலும் நான் கொதிக்கவைக்கச் சொல்ல மாட்டேன். அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பவை அல்ல; பாறையின் துளைகளிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை. நீங்கள் பாறையை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்ததாகச் சொல்கிறீர்கள். சில மணி நேரம் ஈரம் காயாமல் இருந்தாலே அவற்றில் பெரும்பகுதி பிழைத்துக்கொள்ளும். காற்றுப் பட்டால் சாவது ஸ்பாஞ்சுகளும் சிறு புழுக்களும். அவை அழுகியதும், மணலைக் கிளறியபோது அடியில் கிடந்த கழிவு மேலே வந்ததும் சேர்ந்துதான் முதல் வாரம் அமோனியா ஏறியிருக்கும். டேங் செத்ததற்கு அதுவும், தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்ததும், பயண அதிர்ச்சியும் காரணமாக இருக்கலாம். மூன்றில் எது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் அந்தக் கட்டம் முடிந்துவிட்டது. பாறையில் உயிர் இல்லையென்றால் மூன்றாம் வாரத்தில் அமோனியா 0.25-ல் நிற்காது.

அந்த 0.25-ஐயும் நம்புவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் ஒரே கிட்டில், ஒரே வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். நிறம் பார்த்துச் சொல்லும் கிட்கள் பல, அமோனியா சுத்தமாக இல்லாதபோதும் இளம்பச்சை காட்டும். இரண்டு குழாயிலும் ஒரே நிறம் என்றால் உங்கள் அமோனியா பூஜ்ஜியம் என்றே எடுத்துக்கொள்ளலாம். தொட்டித் தண்ணீர் தெளிவாகக் கூடுதல் பச்சை காட்டி 0.5-ஐத் தாண்டினால் மட்டும் அன்றே கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். கிட் காட்டுவது மொத்த அமோனியாவை. அதில் நஞ்சாக இருக்கும் பகுதி பி.எச். ஏற ஏற, சூடு ஏற ஏறக் கூடும். 8.2 பி.எச்., 28 டிகிரியில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு அந்த நஞ்சு வடிவில் இருக்கும். நைட்ரைட் பற்றிக் கவலை வேண்டாம். கடல்நீரில் குளோரைடு ஏராளமாக இருப்பதால் நன்னீரில் போல அது மீனைத் தாக்காது.

இப்போது இறாலுக்கு வருகிறேன். அமோனியாவால் சாவதென்றால் முதல் வாரமே செத்திருக்க வேண்டும். அமோனியா இறங்கிய பிறகு, மீன் நன்றாக இருக்கும்போது, இறாலும் நத்தையும் மட்டும் சாகின்றன, பவளங்கள் மூடிக்கொள்கின்றன. முதுகெலும்பில்லாத உயிர்களை மட்டும் குறிவைக்கும் ஏதோ ஒன்று தண்ணீரில் இருக்கிறது என்றுதான் இது காட்டுகிறது. உங்கள் மெஷினில் இருக்கும் காப்பர், அதாவது செம்பு, அப்படிப்பட்டது. வெள்ளைப்புள்ளி நோய்க்கு மீன்களைத் தனித்தொட்டியில் வைத்துச் செம்பு மருந்து கொடுக்கும்போது லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை வைப்போம், மீன் தாங்கும். அதே தொட்டியில் இறாலோ நத்தையோ இருந்தால் பிழைக்காது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் செம்பு 0.05 மில்லிகிராம் வரை ஏற்புடையது, வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை அனுமதி. அதாவது நமக்குக் குடிக்க நல்ல தண்ணீர் உங்கள் இறாலுக்கு விஷமாக இருக்க முடியும்.

தினமும் ஊற்றுவதுதான் இதில் இன்னும் மோசம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். செம்பு தொட்டியிலேயே தங்கிவிடும். உதாரணத்துக்கு, மெஷின் தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் இருந்து, நீங்கள் நாளுக்கு 4 லிட்டர் ஊற்றினால், பன்னிரண்டு நாளில் 24 மில்லிகிராம் சேர்ந்திருக்கும். 350 லிட்டருக்கு அது கிட்டத்தட்ட 0.07. பவளத் தொட்டிக்கு இது அதிகம். உங்கள் மெஷினில் உண்மையில் எவ்வளவு வருகிறது என்பது சோதித்தால்தான் தெரியும். ஆகவே செம்புதான் குற்றவாளி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கடையில் கிடைக்கும் செம்பு டெஸ்ட் கிட்டில் தொட்டித் தண்ணீரைவிட முதலில் மெஷின் தண்ணீரைச் சோதியுங்கள், அங்கேதான் அளவு கூடுதலாகத் தெரியும். தொட்டியில் கிட் பூஜ்ஜியம் காட்டினாலும் நிம்மதி அடைய வேண்டாம். இறாலைக் கொல்லும் அளவு கிட்டின் கண்ணுக்குத் தப்பக்கூடும்.

சந்தேகப்பட வேண்டியவை இன்னும் சில இருக்கின்றன. புது வீடு என்கிறீர்கள். குடிவருவதற்கு முன் கரையான் மருந்து அடித்தார்களா? கொசுவுக்கு ப்ளக்கில் மாட்டும் லிக்விட் தொட்டி இருக்கும் அறையில் ஓடுகிறதா? அவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் பூச்சியைக் கொல்வதற்காகவே உருவானவை. இறாலும் நண்டும் பூச்சியின் நெருங்கிய சொந்தம், மிகச் சொற்ப அளவே போதும். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரகப்பிரவேச ஹோமப் புகையும் தினசரி சாம்பிராணியும் அந்த அளவு கொல்பவை அல்ல. ஆனால் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் அறையின் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் நுண்குமிழிகளாகக் கலப்பது என்பதை மறக்கக் கூடாது. அறையில் மிதப்பது எதுவும் சீக்கிரமே தொட்டிக்குள் போய்விடும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். கொசுவுக்கு அந்த அறையில் வலை போதும். தரை துடைக்கும் பினாயில் வாளியில் தொட்ட கையைத் தொட்டிக்குள் விட வேண்டாம் என்று வேலைக்கு வரும் அக்காவிடமும் சொல்லி வையுங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை. மெஷின் தண்ணீரை நிறுத்துங்கள். நல்ல ஆக்டிவேட்டட் கார்பனை வலைப்பையில் போட்டு சம்ப்பில் நீர் பாயும் இடத்தில் வையுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். கார்பன் பூச்சிமருந்து, பெயின்ட் போன்றவற்றைப் பிடிக்கும். செம்பை அவ்வளவாகப் பிடிக்காது. அதற்கென்று செம்பை உறிஞ்சும் ரெசின் தனியாக விற்கிறார்கள், அதையும் வாங்கி வையுங்கள். சுண்ணாம்புப் பாறையும் மணலும் செம்பைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டு பிறகு மெதுவாக விடும் என்பதால் ரெசினை ஒரு வாரத்தில் எடுத்துவிடாதீர்கள், இரண்டு மாதமாவது இருக்கட்டும். கூடவே வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 50 லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள். மூன்று வாரம் இப்படிச் செய்தால் போதும்.

எந்தத் தண்ணீரில் உப்புக் கலப்பது என்பது மதுரைக்காரர்களுக்கு எப்போதும் தலைவலி. போர் தண்ணீர் உங்கள் பக்கத்தில் நல்ல உப்பாகவே இருக்கும், அதைத் தொடவே வேண்டாம். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் போரைவிட மேல்; ஆனால் குளோரின் இருக்கும். இருபது லிட்டர் கேன் தண்ணீரைப் பலர் நம்புகிறார்கள். அதில் சுவைக்காகத் தாது உப்பு சேர்ப்பதுண்டு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வீட்டு ஆர்.ஓ. மெஷினில் காப்பர் இல்லாவிட்டாலும் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் இருந்தால் அது சுத்தமான நீரில் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துதான் தருகிறது. தொட்டிக்கென்று தனி ஆர்.ஓ., அதன் கடைசியில் மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின், டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்ஜியம்: இதுதான் ஒரே நிம்மதியான வழி. பழைய வீட்டில் உங்களிடம் இது இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் அதையே மாட்டுங்கள். டி.ஐ. ரெசின் தீரும்போது முதலில் நழுவி வருவது சிலிக்கா, அது மீட்டரில் சரியாகத் தெரியாது. ரெசின் பழையது என்றால் மாற்றிவிடுங்கள்.

ராமேஸ்வரம் தண்ணீர் வேண்டாம் என்பதற்கு, 170 கிலோமீட்டர் தூரம் ஒரு காரணமே அல்ல. கரையோர நீர் ஒருநாள் போல ஒருநாள் இருக்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பளவு இறங்கும், கோடையில் ஏறும். பாக் நீரிணைப் பக்கம் ஆழமில்லாமல் கலங்கலாக இருக்கும், படகுத்துறை அருகே டீசல் மிதக்கும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகி, பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. கடலோரத்தில் இருப்பவர்கள் தண்ணீரைப் பார்த்து, நாள் பார்த்து எடுத்து நன்றாகவே தொட்டி வைத்திருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என்ன கெட்டது உள்ளே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும் ஒரு தொட்டியில், என்ன இருக்கிறது என்று தெரியாத இன்னொரு தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினால் தேடல் இன்னும் சிக்கலாகும். மொத்த நீரையும் ஒரே நாளில் மாற்றுவது தேறிவரும் பவளத்துக்கு இன்னொரு முறை வீடு மாறுவது மாதிரி.

அங்கே போகும்போது நாலு பாறையும் எடுத்துவரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. 2010-லும் 2016-லும் அந்தப் பவளங்கள் சூட்டில் வெளுத்து எவ்வளவு பட்டன என்று அறிந்தவர்கள் அங்கிருந்து ஒரு துண்டையும் எடுக்க மனம் வைக்க மாட்டார்கள்.

உப்பளவையும் சூட்டையும் நீங்கள் எழுதவே இல்லை. 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது அடர்த்தி 1.026 என்று வையுங்கள். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்.ஓ. நீரில் பூஜ்ஜியம் பார்த்தால் போதாது, 35 பிபிடி திரவம் விற்கிறது, அதில் சரிபாருங்கள். குலுங்கி வந்த கருவி தவறாகக் காட்டுவது சகஜம். குறைவாக இருந்தால் ஒரு நாளைக்கு 1 பிபிடி-க்கு மேல் ஏற்றாதீர்கள். புது உப்பு நீரை முந்தைய நாளே கலந்து, பம்ப் ஓடவிட்டு, தொட்டியின் சூட்டுக்கே கொண்டுவந்து ஊற்றுங்கள். சூடு 25 முதல் 27 வரை இருந்தால் நல்லது, 28 தாங்கும். புது வீட்டில் தொட்டி மேற்குச் சுவரை ஒட்டியிருக்கிறதா, மாலை வெயில் விழுகிறதா என்று பாருங்கள். சில்லர் இல்லாமல் ஃபேன் வைத்திருந்தால் ஆவியாவது கூடும்; அப்போது ஊற்றும் நீரின் தரம் இன்னும் முக்கியமாகிறது.

பழுப்புப் படலம் பற்றிப் படத்தை வைத்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. டயாட்டம் என்ற நுண்பாசியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்: கிளறிய மணல், சிலிக்கா கலந்த நீர், இரண்டும் அதற்குப் பிடித்தவை. நீர் சுத்தமானால் தானாகவே சில வாரங்களில் மறையும். ஆனால் சளி மாதிரி நூல் நூலாகத் தொங்கி, நுனியில் குமிழி கட்டி, இரவில் குறைந்து பகலில் மீண்டும் வந்தால் அது டைனோவாக (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) இருக்கலாம். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்ஜியத்துக்கு இறங்கிய தொட்டிகளில் அது பெருகும், அதில் சில வகை நத்தைகளையும் கொல்லும். தெரிந்த விலங்கியல் ஆசிரியர் யாராவது இருந்தால் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கில் காட்டுங்கள். டயாட்டம் கண்ணாடிப் பேழை மாதிரி கிடக்கும், நகர்ந்தாலும் மெல்ல வழுக்கும். டைனோ சுழன்று ஓடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பாஸ்பேட் உறிஞ்சும் மீடியாவைப் போடாதீர்கள், டைனோவாக இருந்தால் நிலைமை மோசமாகும்.

மணலை இனிக் கிளற வேண்டாம். தண்ணீர் மாற்றும்போது ஒரு ஓரத்தில் மட்டும், மேல்மட்டத்தை ட்யூப்பால் உறிஞ்சுங்கள். அடுத்த முறை அடுத்த ஓரம். கறுத்து, அழுகிய முட்டை வாசனை வரும் இடம் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

லெதர் சுருங்கியிருப்பதை நினைத்து நான் பயப்பட மாட்டேன். இடம் மாறினால் அது மூடிக்கொண்டு, மேலே மெழுகு மாதிரி ஒரு தோல் கட்டி, பிறகு அதை உரித்துப் போடும். ஒரு வாரமும் ஆகும், மூன்று வாரமும் ஆகும். வேவ்மேக்கரின் நீரோட்டம் அதன்மேல் லேசாகப் பட்டால் தோல் சீக்கிரம் கழலும். தொட்டால் கொழகொழவென்று கரைந்து நாற்றம் அடித்தால்தான் அது அழுகுகிறது, அப்போது அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டும். சோவாவுக்கு விளக்கைப் பழைய அளவில் பாதியாகக் குறைத்து, மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பெட்டியில் இருட்டில் இருந்துவிட்டு முழு வெளிச்சத்துக்கு வந்த பவளம் அதனாலும் மூடிக்கொள்ளும். பவளத்தை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்காதீர்கள்.

பாட்டில் பாக்டீரியா கேட்டிருந்தீர்கள். உங்களுக்குத் தேவையில்லை, பாறையிலேயே இருக்கிறது. அவற்றில் சில நன்றாக வேலை செய்யும். ஆனால் மே மாத வெயிலில் லாரியில் வந்த பாட்டிலில் உயிர் இருக்கிறதா என்று வாங்கும்போது தெரியாது. க்ளவுனுக்கு ஒருவேளை கொஞ்சமாக உணவு போதும். புது மீன், புது இறால், புது பவளம் எதுவும் இரண்டு மாதத்துக்கு வேண்டாம். அதன் பிறகும் முதலில் விலை குறைந்த நத்தை நான்கைந்து விட்டு, மூன்று வாரம் நடமாடுகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் இறால்.

மின்தடைக்கு இந்த நிலையில் கூடுதல் கவனம் வேண்டும். 28 டிகிரி கடல்நீர் முழுக்க நிறைந்தாலும் லிட்டருக்கு ஆறரை மில்லிகிராம் ஆக்சிஜன்கூடப் பிடிக்காது. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பல மணி நேரம் கரன்ட் நிறுத்தும் நாளில், ஒரு வேவ்மேக்கரையாவது இன்வெர்ட்டர் லைனில் மாட்டி வையுங்கள், பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

அடுத்த முறை எழுதும்போது இவற்றைச் சேர்த்து எழுதுங்கள்: மெஷின் தண்ணீரின் டி.டி.எஸ்., அதில் செம்பு, தொட்டியின் உப்பளவு, காலையும் மாலையும் சூடு, நைட்ரேட், பாஸ்பேட், ஆல்கலினிட்டி. கரையான் மருந்து அடித்தது எப்போது என்று கட்டடக்காரரிடம் கேட்டுச் சொல்லுங்கள். படம் எடுத்தால் நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கில் எடுங்கள், படலத்தின் நிறம் அப்போதுதான் தெரியும்.